3.66 கோடி டாலரும் ஒரு பதினைந்து வயதும்

2017 செப்டம்பர் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றை ஒட்டிய மலைப் பள்ளத்தாக்கு. ஈகிள் கிரீக் என்ற ஓடையோரப் பாதையில் நண்பர்களோடு நடந்துபோன 15 வயதுச் சிறுவன் ஒருவன் பட்டாசு ஒன்றைக் கொளுத்திச் சரிவுக்குள் வீசினான். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த காடு அது. நெருப்பு மூட்டத் தடையும் நடப்பில் இருந்தது. பற்றிய தீ, மலைப்பாதையில் உள்ளே போயிருந்த 150-க்கும் மேற்பட்டோரைத் திரும்பவிடாமல் மறித்தது. அவர்கள் இரவைக் காட்டுக்குள்ளேயே கழித்துவிட்டு மறுநாள் வேறு வழியாக வெளியே வந்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கிழக்குக் காற்று வலுத்தது. அவ்வளவு அகலமான கொலம்பியா ஆற்றையே தீப்பொறிகள் தாண்டி, எதிர்க்கரையில் வாஷிங்டன் மாநிலத்திலும் விழுந்து பற்றிக்கொண்டன. ஊர்மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஏறத்தாழ 48,000 ஏக்கர் எரிந்து, தீ முழுதாகக் கட்டுக்குள் வந்தபோது நவம்பர் முடிந்துகொண்டிருந்தது. ஓர் உயிரும் போகவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

சிறுவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், மன்னிப்பும் கேட்டான். 2018 பிப்ரவரியில் ஹூட் ரிவர் மாவட்ட நீதிமன்றம் அவனுக்கு ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், வனத்துறையோடு சேர்ந்து 1,920 மணி நேர சமூகப் பணியும் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்புக் கடிதங்கள் எழுதவும் சொன்னது. அதோடு விட்டிருந்தால் இந்த வழக்கை இங்கே எடுத்துப் பேச வேண்டியிருக்காது. அதே ஆண்டு மே மாதம் நீதிபதி ஜான் ஓல்சன் இழப்பீட்டு உத்தரவையும் பிறப்பித்தார்: 3.66 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 250 கோடி ரூபாய். தவணையில் கட்டலாம், பத்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டி, கண்காணிப்பை முடித்து, வேறு குற்றம் எதிலும் சிக்காமல் இருந்தால் மிச்சத்தை நீதிமன்றம் நிறுத்திவிடலாம் என்ற ஏற்பாடும் உண்டு. மாதம் 500 டாலர் என்று கணக்கிட்டால் முழுத்தொகையும் அடைய 6,100 ஆண்டுகள் ஆகும். முதல் தீர்ப்பில் உள்ள 1,920 மணி நேரம் என்பது நாளுக்கு 8 மணி வீதம் 240 நாள் வேலை. பள்ளி விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் செய்து முடிக்கக்கூடியது. ஒரே சிறுவனுக்கு ஒரே செயலுக்காக ஒரே நீதிமன்றம் கொடுத்த இந்த இரண்டு உத்தரவுகளில் ஒன்று தண்டனை. மற்றொன்று வெறும் கணக்குச் சீட்டு. குழந்தைக்குரிய தண்டனையை அது செய்த செயலாலும் அதற்கு இருந்த அறிவாலும் அளக்க வேண்டும். எரிந்துபோனதன் விலையால் அளந்தால் அது கணக்குச் சீட்டாகத்தான் முடியும்.

சிறுவனின் வழக்கறிஞர் இந்தத் தொகை பொருத்தமற்றது, குற்றத்துக்கு மிஞ்சியது என்று வாதாடினார். நீதிபதி அதை ஏற்கவில்லை. சிறுவனால் விளைந்த நஷ்டத்துக்கு மேல் ஒரு டாலர்கூடக் கேட்கவில்லையே, பிறகெப்படி மிஞ்சியதாகும் என்பதுதான் அவருடைய தர்க்கத்தின் சாரம். கேட்கும்போது மறுக்க முடியாததுபோல இருக்கிறது. ஆனால் அந்த நஷ்டம் எப்படி உருவானது என்று பார்த்தால் தர்க்கம் தளர்ந்துவிடுகிறது. அதே பட்டாசு அதே சரிவில் மே மாத ஈரத்தில் விழுந்திருந்தால் ஒரு பிடி புல் கருகி அணைந்திருக்கும். செப்டம்பர் 4 இரவு கிழக்குக் காற்று வீசாதிருந்தால் எரிந்த பரப்பு இதில் சிறு பங்காக இருந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. அந்தப் பக்கத்துக் காட்டில் இண்டியன் கிரீக் தீ என்ற வேறொரு தீ ஜூலை முதலே கனன்றுகொண்டிருந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து ஒன்றாயின. சிறுவனின் கையும் மனமும் அன்று செய்தது ஒன்றுதான். அதன் விலையை ஒரு பிடி புல்லுக்கும் 3.66 கோடிக்கும் இடையில் எங்கோ ஓர் இடத்தில் நிறுத்தியவை காற்றும் வறட்சியும் வேறொரு தீயும். தடை இருந்த காட்டில் பட்டாசு கொளுத்தியது மோசமான அலட்சியம், அதில் விவாதமே இல்லை. அந்த அலட்சியத்துக்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். காற்றுக்கும் சேர்த்து அவன் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

இழப்புக்கு இழப்பு என்ற இந்த நீதி நமக்கு அந்நியமானதல்ல. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறோம். அவன் மகனின் தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தது. பசு வந்து மணியை அடித்தது. அரசன் மகனையே தேர்க்காலில் இட்டான். இளவரசன் வேண்டுமென்றே கன்றைக் கொன்றதாகக் கதையில் எங்கும் இல்லை. கன்று எதிர்பாராமல் குறுக்கே பாய்ந்தது என்றுதான் சொல்லப்படுகிறது. அவன் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வியை அரசன் பொருட்படுத்தவில்லை. கன்று போனது, அதற்கு ஈடு மகன். ஆட்சியாளன் தன் வீட்டுக்கும் ஊருக்கும் ஒரே சட்டம் வைத்தான் என்பதற்காக இந்தக் கதையை நாம் போற்றுகிறோம், அது சரியும்கூட. ஆனால் பெரியபுராணம் இதை அப்படியே விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிவன் தோன்றுகிறார், கன்றும் இளவரசனும் உயிர்பெற்று எழுகிறார்கள். அறியாமல் செய்ததற்காக ஒரு பிள்ளையை அப்படியே அழியவிட அந்தக் கதைக்கே மனம் வரவில்லை. நம்முடைய நீதிமன்றங்களில் கடைசி நேரத்தில் எழுப்பித்தர யாரும் தோன்றுவதில்லை. அதனால் மகனைத் தேர்க்காலில் வைப்பதற்கு முன்பே யோசித்தாக வேண்டும்.

பதினைந்து வயதில் நல்லது கெட்டது தெரியாதா என்பது பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி. தெரியும். தெரிந்ததைச் செய்யும் நேரத்தில் நினைவில் நிறுத்தும் திறன்தான் அந்த வயதில் முழுமையாக இல்லை. உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினரையும் பெரியவர்களையும் கணினியில் ஒரு வாகன ஓட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்தான முடிவுகள் கூடின. பெரியவர்களிடம் நண்பர்கள் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம் உண்டாக்கவில்லை. தெருவில் கல்லெறிந்து பஸ் கண்ணாடியை உடைக்கும் பையன் பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை என்பது ஆய்வு இல்லாமலே நமக்குத் தெரியும். ஈகிள் கிரீக்கிலும் சிறுவன் தனியாக இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்றபோதும், 2012-இல் அவர்களுக்குப் பரோல் இல்லாத கட்டாய ஆயுள் சிறை கூடாது என்றபோதும் சொன்ன காரணங்கள் இவைதான்: முதிர்ச்சிக் குறைவு, சூழலுக்கு எளிதில் ஆட்படுதல், இன்னும் மாறக்கூடிய இயல்பு. கொலைவழக்கில் ஏற்றுக்கொண்ட காரணத்தைப் பட்டாசு வழக்கின் பணக் கணக்கில் மட்டும் மறந்துவிடுவது விசித்திரம்.

அப்படியானால் எரிந்தது யாருடைய பொறுப்பு, பாதிக்கப்பட்டவர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்கலாம். இதுதான் எதிர்வாதங்களில் கனமானது. ஒருவருடைய ஒரே வருமானமான கடை எரிந்துபோயிருக்கும்போது, செய்தது சின்னப் பையன் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவது அநியாயம். ஆனால் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைப்பதும் குழந்தைக்குத் தண்டனை கிடைப்பதும் இரண்டு வேறு காரியங்கள். இரண்டையும் ஒரே உத்தரவில் கட்டினால் இரண்டுமே கெடுகின்றன. ஓரிகான் உத்தரவிலேயே பாருங்கள். 3.66 கோடியில் 2.1 கோடிக்கு மேல் மத்திய அரசின் வனத்துறைக்கு, 1.25 கோடி மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு. சுமார் 10 லட்சம் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்துக்கு. தனிமனிதர்களுக்குப் போக வேண்டிய தொகை இதில் ஒரு துளி. காட்டுத்தீயை அணைப்பது வனத்துறையின் வழக்கமான செலவு. மின்னல் பற்றவைத்த தீயாக இருந்தாலும் அது செலவழித்துத்தான் இருக்கும். அந்தத் துறையின் கணக்கை ஒரு பள்ளி மாணவன் தலையில் எழுதியதால் பாதிக்கப்பட்ட யாருடைய வீட்டுக்கும் ஒரு டாலர் முன்னதாக வந்து சேரப்போவதில்லை. கட்ட முடியாத ஒருவனுக்கு எதிராகத் தரப்படும் பெரிய தொகை உத்தரவு, பாதிக்கப்பட்டவருக்குக் காகிதத்தில் மட்டுமே நீதி.

ஜெர்மனியர்கள் இதை வேறு மாதிரி கையாள்கிறார்கள். அவர்களுடைய குடிமைச் சட்டத்தின் 828-ஆவது பிரிவுப்படி ஏழு வயது நிரம்பாத குழந்தை எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லை. ஏழுக்கு மேல் 18 வரை, செய்வது தவறு என்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பதைப் பொறுத்து. அங்கே கட்டட வேலை நடக்கும் இடங்களில் எல்லாம் பிள்ளைகளின் செயலுக்குப் பெற்றோரே பொறுப்பு என்று பலகை தொங்கும். பலகை சொல்வது சட்டப்படி பாதிதான் உண்மை: 832-ஆவது பிரிவு, பெற்றோர் மேற்பார்வைக் கடமையில் தவறியிருந்தால்தான் அவர்களைப் பொறுப்பாக்குகிறது. மீதியைப் பெரும்பாலும் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. பிறருக்கு உண்டாக்கும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு ஜெர்மன் குடும்பங்களில் மிகப் பரவலானது. பையன் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்தால் அந்த வீட்டுக்காரருக்குப் பணம் வந்துவிடுகிறது. பையனை என்ன செய்வது என்பதை நிதானமாகத் தனியே பேசலாம். நம்மிடம் அந்தக் காப்பீட்டுப் பழக்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் கலவரத்திலும் விபத்திலும் பாதிக்கப்பட்டோருக்கு அரசு நிதி தரும் வழக்கம் இங்கே உண்டு. சிறார் செயலால் வாழ்வாதாரம் இழந்தவரையும் அதில் சேர்ப்பது புதுமையான காரியமல்ல.

குழந்தையால் கட்ட முடியாவிட்டால் பெற்றோர் கட்டட்டும் என்பது அடுத்து வரும் யோசனை. இது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை மத்தியப் பிரதேசத்தின் கார்கோன் காட்டிவிட்டது. 2022 ஏப்ரலில் அங்கே ராம நவமி ஊர்வலத்தை ஒட்டி மூண்ட கலவரத்துக்குப் பிறகு, சேதத்தை வசூலிக்கும் மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 2.9 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவனுடைய தந்தை கூலித் தொழிலாளி. அவருக்கும் தனியே ஒரு நோட்டீஸ். தாங்கள் எதுவும் செய்யவில்லை என்று குடும்பம் மறுத்தது. இது குற்ற வழக்கு அல்ல, இழப்பீட்டு வழக்கு, ஆகவே சிறார் சட்டத்தின் பாதுகாப்பு இங்கே பொருந்தாது என்பது தரப்பட்ட விளக்கம். தண்டனை என்று பெயர் வைத்தால் வயதைப் பார்க்க வேண்டும், வசூல் என்று பெயர் வைத்தால் பார்க்க வேண்டாம் என்றாகிவிட்டது! பல மாதக் கூலியைப் பிடுங்கும் ஒரு தொகைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அந்த வீட்டுக்கு அது தண்டனைதான். அதே 2.9 லட்சத்தை வசதியான வீட்டில் கேட்டிருந்தால் அன்று மாலையே காசோலை எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைக்குத் தெரிந்துகூட இருக்காது. பணத்தால் அளக்கும் தண்டனையின் அடிப்படைக் கோளாறு இதுதான். ஏழைக் குழந்தையின் வீட்டை அது உடைக்கிறது, பணக்காரக் குழந்தையைத் தொடுவதே இல்லை. மேற்பார்வையில் தெரிந்தே தவறிய பெற்றோரைக் கேட்கலாம். வீட்டில் பட்டாசையோ பெட்ரோலையோ கைக்கெட்டும்படி விட்டவரை, காரின் சாவியைக் கொடுத்தவரைக் கேட்கலாம். பெற்றதற்காக மட்டும் கேட்கக் கூடாது.

காரின் சாவி என்றதும் புனே நினைவுக்கு வரும். 2024 மே மாதம் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இருவர் இறந்தார்கள். அவனுக்கு ஜாமீன் தந்த இளைஞர் நீதிக் குழுமம் 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்னது நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது. சிறார் என்றாலே இளக்காரம், இதற்குத்தான் கடுமை வேண்டும் என்ற குரல் அன்றிலிருந்து உரத்துக் கேட்கிறது. இரண்டு உயிர்கள் போன வழக்கைச் சொத்துச் சேதத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது; அது ஜாமீன் நிபந்தனைதான், இறுதித் தண்டனை அல்ல. ஆனாலும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தின் வேர், சட்டம் குழந்தையிடம் மென்மையாக இருக்கிறது என்பதில் இல்லை. சட்டம் பணத்திடம் மென்மையாக இருக்கிறது என்ற சந்தேகத்தில் இருக்கிறது. அதற்கு மருந்து, பணத்தால் தீர்க்க முடியாத தண்டனை. 1,920 மணி நேரம் மண்வெட்டி பிடித்து மலைப்பாதையைச் சீராக்க வேண்டும் என்றால் தொழிலதிபரின் மகனுக்கும் கூலிக்காரரின் மகனுக்கும் ஒரு நாளின் மணி நேரம் ஒரே அளவுதான். அவனுக்குப் பதில் ஆள் அனுப்ப முடியாது.

பெரிய தொகையைக் கண்டு மற்ற பிள்ளைகளாவது பயப்படுவார்கள் என்பதை நான் அதிகம் பொருட்படுத்தவில்லை. பட்டாசைக் கொளுத்தும் நொடியில் எந்தப் பையனும் நீதிமன்ற உத்தரவுகளை நினைத்துப் பார்ப்பதில்லை. பார்க்கக்கூடியவனாக இருந்தால் கொளுத்தியே இருக்கமாட்டான். கடன் சுமத்தப்பட்ட சிறாருக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். பென்சில்வேனியாவின் அலிகேனி மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறாரின் வழக்குகளை அலெக்ஸ் பிகேரோ, வெஸ்லி ஜென்னிங்ஸ் என்ற இரு குற்றவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வழக்கு முடிந்த பிறகும் நீதிமன்றத்துக்குப் பணம் பாக்கி வைத்திருந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கடன் அடையாதவரை வழக்கு முடிவதில்லை, கண்காணிப்பு நீள்கிறது, வேலைக்குப் போனாலும் சம்பளம் பிடிபடுகிறது. மீள வழியில்லாதவன் ஏன் மீள முயல வேண்டும்?

மீளும் வழி எப்படி இருக்கும் என்பதற்குக் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூர் அரை நூற்றாண்டாக உதாரணமாக இருக்கிறது. 1974-இல் அங்கே பதின்வயதின் கடைசியில் இருந்த இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேருடைய சொத்துகளை நாசம் செய்தார்கள்: கார் டயர்களைக் கிழித்தார்கள், சன்னல்களை உடைத்தார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சி வழக்கத்தில் இல்லாத ஒன்றைப் பரிந்துரைத்தார், நீதிபதியும் ஒத்துக்கொண்டார். இருவரும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, எவ்வளவு சேதம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். காப்பீடு ஈடுசெய்யாத பங்கைச் சில மாதங்களில் கட்டியும் முடித்தார்கள். உடைத்த கண்ணாடிக்குச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்து நிற்பது சிறைக் கம்பிக்குப் பின்னால் உட்காருவதைவிடக் கடினம்; இளக்காரம் என்று இதைச் சொல்பவர்கள் ஒருமுறை அப்படி நின்று பார்க்க வேண்டும். நியூசிலாந்து 1989-இல் கொண்டுவந்த சட்டம் இதையே முறைப்படுத்தியது. சிறுவனும் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் ஒன்றாக உட்கார்ந்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் குடும்பக் கூட்டத்தை அது சிறார் வழக்குகளின் மையத்தில் வைத்தது; மவோரி மக்களின் வழக்கம் அதற்குப் பின்புலம்.

நமது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 18-ஆவது பிரிவு அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம் என்று வரிசைப்படுத்துகிறது. சமூக சேவை 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றும், பூங்காவைப் பராமரிப்பது, முதியோருக்கு உதவுவது, மருத்துவமனையில் ஒத்தாசை செய்வது போன்றவை என்றும் மாதிரி விதிகள் சொல்கின்றன. பட்டியல் நல்லதுதான், ஆனால் செய்த சேதத்தோடு அந்தப் பணிக்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்பது அதில் இல்லை. பள்ளிப் பெஞ்சை உடைத்தவன் பூங்காவில் தண்ணீர் ஊற்றுவதைவிட, தச்சரோடு உட்கார்ந்து பெஞ்சுகளைப் பழுதுபார்ப்பது பொருத்தம். 2022 ஏப்ரலில் வேலூர் அருகே ஓர் அரசுப் பள்ளியில் மாணவர்கள் மேசைகளை உடைக்கும் காணொளி பரவியபோது, கையில் கிடைத்த தண்டனை இடைநீக்கமாக இருந்தது. உடைத்தவர்களை அந்த மேசைகளிடமிருந்து தூர அனுப்பிவிட்டால் அவர்கள் எதைத் திருத்துவார்கள்?

அபராதத்தில்தான் உடனே திருத்தம் வேண்டும். குழந்தையோ பெற்றோரோ அபராதம் கட்டலாம் என்று 18-ஆவது பிரிவு சொல்கிறது. குடும்பத்தின் வருமானத்தோடு அதைப் பொருத்தும் அளவுகோல் எதையும் அங்கே காணோம். குழந்தை தானே உழைத்து ஓராண்டுக்குள் கட்டக்கூடிய தொகைக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதைவிட அவசரமானது, உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் இயற்றியதுபோன்ற சேத வசூல் சட்டங்கள். 18 வயது நிரம்பாதவர் எவர்மீதான கோரிக்கையும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வழியாக மட்டுமே வர வேண்டும் என்று அவற்றில் எழுதப்படாதவரை, அடுத்த கலவரத்துக்குப் பிறகும் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படிக்கும் ஒரு பிள்ளையின் பெயரில் லட்ச ரூபாய் நோட்டீஸ் வீட்டுக்கு வரும். ஈகிள் கிரீக் பாதை 2021-இன் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. கருகிய மரங்களுக்கடியில் பச்சை தழைத்து, மக்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று 15 வயதாக இருந்தவனின் பெயரிலுள்ள உத்தரவுக்கு 2028-இல்தான் பத்து ஆண்டு நிறைகிறது.